ரோலாவிலிருந்து பஹ்ரைன் வரை: ஒரு கேலிக் ஃபுட்பால் சீசனைத் துரத்திய கதை

அக்டோபரில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்த ஒரு சீசனை ஒரு சுற்று விடாமல் நேரில் பார்த்து முடித்துவிட்டேன். கிரிக்கெட் இல்லை. நமக்குத் தெரிந்த ஃபுட்பாலும் இல்லை. கேலிக் ஃபுட்பால். அயர்லாந்துக்காரர்களின் சொந்த ஆட்டம். அதைப் பார்க்கத்தான் துபாய், அபுதாபி, மஸ்கட், பஹ்ரைன் என்று அலைந்தேன். ஏன் அலைந்தாய் என்று கேட்பவர்களுக்கும், அடுத்த சீசன் நாமும் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

நான் ஷார்ஜா ரோலாவில் ஒரு மொபைல் கடையில் ரிப்பேர் பார்க்கிறேன். போன வருடம் கோடையில் மதியத்தில் கடைக்கு ஈ கூட வராது. அப்போது போனில் தானாக ஓடிய ஒரு வீடியோவில் இந்த ஆட்டம் வந்தது. கையால் பிடிக்கிறார்கள், காலால் உதைக்கிறார்கள், முட்டியை மடக்கிக் குத்தி பாஸ் கொடுக்கிறார்கள். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி நிற்கிறது. இது என்னடா, மூன்று விளையாட்டைக் குக்கரில் போட்டு விசில் விட்ட மாதிரி இருக்கிறதே என்று பார்க்க ஆரம்பித்தவன், அந்தக் கோடை முடிவதற்குள் விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. புரியாத இடத்தில் வீடியோவுக்குக் கீழே கேள்வி கேட்பேன். முகம் தெரியாத அயர்லாந்துத் தாத்தாக்கள் பத்தி பத்தியாகப் பதில் போடுவார்கள்.

உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான். பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி. கீழே, வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. ஸ்கோரைக் கோலையும் புள்ளியையும் தனித்தனியாகத்தான் சொல்வார்கள். 'ஒரு கோல், ஐந்து புள்ளி' என்றால் மொத்தம் எட்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு காலடிக்கு மேல் ஓடக்கூடாது. தரையில் தட்ட வேண்டும், அல்லது தன் காலால் தானே மேலே உதைத்துப் பிடிக்க வேண்டும். இந்தக் கடைசி வித்தையை ரூமில் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பழகிப் பார்த்தேன். ட்யூப்லைட் போனதுதான் மிச்சம்.

அயர்லாந்தில் ஒவ்வொரு கவுண்டியும், அதாவது நம் மாவட்டம் மாதிரி, தன் ஊர்க் கிளப்புகளுக்குள் ஒரு சாம்பியன்ஷிப் நடத்தும். ஆடுபவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. டீச்சர், விவசாயி, போலீஸ், நர்ஸ் என்று எல்லோரும் வேலை முடிந்து வந்து ஆடுகிறவர்கள். வளைகுடாவிலும் அவர்கள் போகிற ஊரிலெல்லாம் கிளப் வைத்துவிட்டார்கள். இங்கே இந்த நாடுகள் மொத்தமும் சேர்ந்து ஒரு கவுண்டி மாதிரி. வெயில் காலத்தில் ஆட முடியாது, அதனால் குளிர்காலத்தில் சுற்றுக்கு ஒரு ஊராகப் போய் ஒரே நாளில் எல்லா மேட்சையும் ஆடி முடிக்கிறார்கள். ஆண்களுக்கு ஒரு கோப்பை, பெண்களுக்கு ஒரு கோப்பை. அணிக்கு ஒன்பது பேர். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்திருக்கும் யாழ்ப்பாணத்து நிஷாந்தன் அண்ணனுக்கும் என்னால் தூக்கம் போனது.

"உனக்கென்ன விசரே? வெள்ளைக்காரர் பந்தடிக்கிறதைப் பாக்க லீவு போட்டுட்டுப் போறாய். பேரிலயே கேலி கிடக்கு, பிறகென்ன."

"அண்ணே, ஒரே ஒரு மேட்ச் பாருங்க. அப்புறம் பேசுங்க."

"நான் பாக்கிறது இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சமையல் உன்ர முறை. அதை முடிச்சுப்போட்டு எங்கயெண்டாலும் போ."

முதல் சுற்று துபாயில். ரோலாவிலிருந்து துபாய் பஸ் பன்னிரண்டு திர்ஹாம். அங்கிருந்து மெட்ரோ, பிறகு டாக்சி. எனக்குப் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பச்சைப் புல்வெளியில் மூன்று ஆடுகளம் பிரித்து, ஒரே நேரத்தில் மூன்று மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தேன். அப்போது பெண்கள் ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"லே, விடாத! பிடி! பிடி மக்கா!"

அப்படியே நின்றுவிட்டேன். சிவப்பு ஜெர்சி போட்ட பஹ்ரைன் அணி. அதில் எல்லோரும் செம்பட்டை முடியும் வெள்ளைத் தோலுமாக இருக்க, நடுவில் நம்ம ஊர் நிறத்தில் ஒருவர். குட்டையான, உருண்டுதிரண்ட தேகம். அவர் கத்தியதைக் கேட்டு ஒரு அயர்லாந்துப் பெண் சரியாகப் பாய்ந்து பந்தைப் பிடித்தாள்! மேட்ச் முடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு போய் நின்றேன்.

"அக்கா, நீங்க நம்ம ஊரா?"

"எந்த ஊரைச் சொல்லுத?"

"தமிழ்நாடு."

"தமிழ்நாடு ரொம்பப் பெருசுலா. நான் கன்னியாகுமரி மாவட்டம், கொளச்சல் பக்கம். நீ?"

"மதுரைக்கா."

"மதுரையா? அப்பம் ஒங்களுக்குக் கடலே கெடையாது. பாவம்."

இப்படித்தான் ஜின்சி அக்கா அறிமுகம். பஹ்ரைனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருடத்துக்கு முன் அவர் வார்டில் வேலை பார்த்த ஒரு அயர்லாந்து நர்ஸ், ஆள் குறைகிறது என்று ஒரு நாள் பயிற்சிக்கு இழுத்துப்போயிருக்கிறார். அதன் பிறகு விடவில்லை. இன்று அந்த அணியில் ஃப்ரீ கிக் அடிப்பவர் அவர்தான். தமிழில் கத்தினால் அவர்களுக்குப் புரியுமா என்று கேட்டேன்.

"ஆட்டத்துல நாக்குல எது வருதோ அதுதான். கேட்டுக் கேட்டு அவளுகளுக்குப் பழகியாச்சு. 'பிடி'ன்னா பிடிப்பாளுக. 'அடி'ன்னா அடிப்பாளுக. 'நாசமா போ'ன்னா மட்டும் திரும்பி என்னையப் பாப்பாளுக."

அன்றைக்குத் துபாய் அணி ஜெயித்தது. ஆனால் நான் ரோலாவுக்குத் திரும்பியது பஹ்ரைன் ரசிகனாக.

இரண்டாவது சுற்று நவம்பரில், அபுதாபியில். ஷார்ஜா ஜுபைல் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் இருக்கிறது. கிட்டத்தட்ட நூற்று அறுபது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், முப்பது திர்ஹாம் சொச்சம். வெள்ளிக்கிழமை காலையில் வரிசை நீளமாக இருக்கும், சீக்கிரம் போங்கள். மைதானம் ஊருக்கு வெளியே. பக்கத்தில் கடை கிடையாது. தொப்பியும் சாப்பாடும் கையோடு கொண்டுபோகாதவன் என்ற முறையில் சொல்கிறேன், கொண்டுபோங்கள். இந்தச் சுற்றில் பஹ்ரைன் ஜெயித்தது. நான் கத்தியதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அயர்லாந்துக் குழந்தை அழுதுவிட்டது. அதன் அம்மா என்னை முறைக்காமல், "எந்தக் கிளப்?" என்று கேட்டார். அவர்களுக்கு அதுதான் முக்கியம்.

மூன்றாவது ஜனவரியில், மஸ்கட்டில். இதுதான் பெரிய பயணம். ஷார்ஜாவிலிருந்து நேரடி பஸ் உண்டு, போக நூறு திர்ஹாம் பக்கம். நானூறு கிலோமீட்டருக்கு மேல். எல்லையில் இறங்கி ஏறி, பையைத் திறந்து காட்டி, மறுபடி இறங்கி ஏறி, எனக்கு எட்டு மணி நேரம் ஆனது. விசா விதி உங்கள் அகாமாவில், அதாவது குடியிருப்பு அட்டையில், உள்ள தொழிலைப் பொறுத்து மாறும். கிளம்புவதற்கு முன்னால் சரிபாருங்கள், எல்லையில் போய் வாதம் செய்யாதீர்கள். பாறை மலைகளுக்கு நடுவே ரோடு போகும்போது ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள். புல் பூண்டு இல்லாத மலை இவ்வளவு அழகாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மஸ்கட்டில் உள்ளூர் அணி எல்லோருக்கும் அதிர்ச்சி கொடுத்து ஜெயித்துவிட்டது. மேட்ச் முடிந்து அணிகள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஜின்சி அக்கா புல்லில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன். துபாய்க்கு ஒரு சுற்று, பஹ்ரைனுக்கு ஒரு சுற்று, மொத்தப் புள்ளியில் இரண்டும் சமம். அடுத்த சுற்று பஹ்ரைனிலேயே நடக்கிறது. இவர்கள் இரண்டு பேரில் அங்கே ஜெயிப்பவருக்கு சீசன் கோப்பை.

"தெரியும்லே. வார்டுல பேஷண்டுக்குக் கூடத் தெரியும்" என்றார். பிறகு, "மார்ச்ல நான் அயர்லாந்து போறேன். அங்க ஆஸ்பத்திரியில வேலை கெடச்சாச்சு" என்றார்.

நான் துள்ளிவிட்டேன். "அக்கா! அப்போ அங்கேயே போய் ஆடலாமே! நிஜக் கவுண்டி சாம்பியன்ஷிப்!"

"அங்க நடக்கப் பழகும்போதே பந்தைக் குடுத்திருவாளுக. நான் முப்பது வயசுல படிச்சவ. எனக்கு யாரு எடம் குடுப்பா? கூப்பிட்டா போவேன். அது வேற." ஐஸ் பையை மற்ற முழங்காலுக்கு மாற்றினார். "இந்தக் கப்பு எனக்கு வேணும், கேட்டியா. எங்க டீம் இதுவரைக்கும் எடுத்ததே கெடையாது. டூட்டி மாத்தித் தாங்கன்னு கேட்டுக் கேட்டே எல்லாரும் என்னையக் கண்டா ஒளியுதாளுக. எடுக்காமப் போனா எப்பிடிலே?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை ஆட ஒரு நாள் லீவு கேட்பதில்லை, இந்த நர்ஸுகள். லீவு ஊருக்குப் போகச் சேர்த்து வைப்பது. ஒவ்வொரு சுற்றுக்கும் யாரிடமாவது டூட்டியை மாற்றிக்கொண்டு, அந்தக் கடனை இன்னொரு நாள் இரட்டை வேலையாகச் செய்து அடைக்கிறார்கள்.

பிப்ரவரி வந்தது. நான் ஷார்ஜாவிலிருந்து பஹ்ரைனுக்கு வெள்ளிக்கிழமை விடிகாலை விமானம் போட்டிருந்தேன். பறப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் அன்று பனிமூட்டம். எதிரே நிற்கும் விமானமே தெரியவில்லை. இரண்டரை மணி நேரம் தாமதம். என் வரிசையிலும் பின் வரிசையிலும் பச்சைக் கோடு போட்ட பைகளோடு துபாய் பெண்கள் அணி. அவர்களும் என்னோடு மாட்டிக்கொண்டார்கள். அபுதாபி அணி இன்னும் கிளம்பவே இல்லை என்று செய்தி. துபாய் அணியின் கேப்டன், நல்ல உயரம், அங்கேயே நர்ஸ், என் சிவப்பு ஜெர்சியைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். எதிரி பிஸ்கட் என்று முதலில் யோசித்தேன். பசித்தது, வாங்கிக்கொண்டேன்.

பஹ்ரைன் ஏர்போர்ட்டிலிருந்து டாக்சி ஓட்டியவர் ஒரு பஹ்ரைனிப் பெரியவர். எங்கே என்று கேட்டார். மைதானத்தைச் சொன்னேன்.

"கிரிக்கெட்?"

"கிரிக்கெட் மாஃபி. ஐர்லாந்து கா ஃபுட்பால்."

கிரிக்கெட் இல்லை என்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஐர்லாந்து ஆத்மி, பஹ்ரைன் மே, துபாய் கே சாத் மேட்ச். தும் இந்தி. தும் க்யூன் ஆயா?"

அயர்லாந்துக்காரன் துபாயோடு ஆடுகிறான், இந்தியன் நீ ஏன் வந்தாய் என்கிறார். நல்ல கேள்வி. என்னுடைய ஓட்டை இந்தியில் விளக்க முயன்றேன். இறங்கும்வரை அவர் "வல்லா, வல்லா" என்று ஆச்சரியத்தில் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஆறு தினார். பகிர்ந்துகொள்ள ஆள் இருந்தால் நல்லது.

பனிமூட்டத்தால் எல்லாம் தள்ளிப்போனது. மதியம் மூன்றரைக்கு நடக்க வேண்டிய பெண்கள் இறுதி ஆட்டம் ஐந்தரைக்குப் போய்விட்டது. சாதாரண ஆளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஜின்சி அக்காவுக்கு ஏழு மணிக்கு நைட் டூட்டி. பகல் டூட்டி நர்ஸ் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, வார்டை இவரிடம் ஒப்படைத்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். அந்த நர்ஸுக்கு வீட்டில் கைக்குழந்தை.

"ஒரு அரை மணி நேரம் லேட்டா வரேன்னு சொல்ல முடியாதாக்கா?"

"அவகிட்ட மூணு தடவை டூட்டி மாத்தியாச்சு. இனி என்ன முகத்தோட கேப்பேன்? ஆறு மணிக்கு டாக்சி சொல்லியிருக்கேன். மேட்ச் அஞ்சு ஐம்பத்தஞ்சுக்கு முடியும். ஓடிருவேன்."

சமமாக முடிந்தால் பத்து நிமிடம் கூடுதல் ஆட்டம் உண்டு. அதை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

இறுதி ஆட்டம், பஹ்ரைனும் துபாயும்தான். விளக்கு போட்டுவிட்டார்கள். பஹ்ரைனுக்கு வந்ததே பத்துப் பேர், அரையிறுதியில் ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கி அவள் பெஞ்சில். ஆக, சரியாக ஒன்பது பேர். துபாய் முதலில் ஒரு கோல் போட்டது. பஹ்ரைன் ஒவ்வொரு புள்ளியாகத் துரத்தியது. அதில் நாலு ஜின்சி அக்காவின் ஃப்ரீ கிக். கடைசி நிமிடத்தில் துபாய் ஒரு கோல் ஐந்து புள்ளி, அதாவது எட்டு. பஹ்ரைன் ஏழு. அப்போது பஹ்ரைனுக்கு ஒரு ஃப்ரீ கிக். கோலுக்கு நேர் எதிரே, இருபது மீட்டர். ரெஃப்ரி இதுதான் கடைசி உதை என்று கையைக் காட்டிவிட்டார்.

இங்கேதான் இந்த ஆட்டத்தின் அழகு. மேலே அடித்தால் ஒரு புள்ளி, அது ஜின்சி அக்காவுக்கு நிச்சயம். ஆனால் ஆட்டம் சமமாகிவிடும். கூடுதல் நேரத்தில் அவர் இருக்க முடியாது, மாற்று ஆளும் இல்லை, எட்டுப் பேர்தான் ஆட வேண்டும். கீழே அடித்து வலைக்குள் போனால் மூன்று புள்ளி, கோப்பை கையில், டாக்சிக்கும் நேரம் சரி. ஆனால் கோல் கோட்டில் துபாயின் ஒன்பது பேரும் சுவர் மாதிரி நிற்கிறார்கள்.

"கீழே! கீழே அடிங்கக்கா!" என்று கத்தினேன். என்னைச் சுற்றி எல்லோரும் அதையேதான் அவரவர் மொழியில் கத்தினார்கள்.

அவர் பந்தை ஒரு முறை துடைத்தார். மேலே அடித்தார். எட்டு, எட்டு. விசில்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் நேராகப் பெஞ்சுக்கு வந்து பையை எடுத்தார். பயிற்சியாளர் தோளைத் தட்டினார். டாக்சி வாசலில் நின்றது. நான் கூடவே ஓடினேன்.

"தம்பி, நீ இருந்து பாரு. ஒண்ணு விடாமப் பாரு. போன்ல ஸ்கோர் அனுப்பாத. நான் போனை ஆஃப் பண்ணி லாக்கர்ல வச்சிருவேன். டீம்ல உள்ள அவளுகளுக்கும் சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில டூட்டி முடிஞ்சு ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவேன். மொதல்லயிருந்து வரிசையாச் சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்றேங்க்கா."

"நான் போனதுனாலதான் தோத்தாளுகன்னா, அதையும் சொல்லணும். மறைக்கக் கூடாது."

டாக்சி போய்விட்டது. நான் ஆடுகளத்துக்குத் திரும்பி ஓடினேன்.

அன்று இரவு ஈசா டவுனில், இந்தியன் ஸ்கூலுக்கு இரண்டு தெரு தள்ளி, மதுரை நண்பன் ஒருவன் ரூமில் தங்கினேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு மலையாளி கஃபட்டேரியா. நூறு ஃபில்ஸுக்குச் சாயா. நல்ல சாயா. ஏழரைக்கு ஜின்சி அக்கா வந்தார், யூனிஃபார்மோடு, கண் சிவந்து. உட்கார்ந்ததும் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"மூஞ்சியிலயும் காட்டாத. சாயா வரட்டும்."

சாயா வந்தது. "இனி சொல்லு. எட்டுப் பேரா நின்னாளுக. யாரு என் எடத்துல?"

"நீவ் அக்கா." நீவ் என்பவர் ஒரு பிசியோதெரபிஸ்ட், அணியிலேயே இளையவர். "ஆனா எட்டுக்கு எட்டுதான் ஆடினாங்க."

"அதெப்பிடி? துபாய்க்கு ஒம்பது பேரு உண்டே."

"அவங்க கேப்டன் போய் ரெஃப்ரிகிட்டப் பேசினாங்க. லீக் மேட்ச்ல ஒரு டீமுக்கு ஆள் குறைஞ்சா மத்த டீமும் ஒரு ஆளைக் குறைச்சுக்குவாங்கல்ல, அது மாதிரி செய்றோம்னு. ஃபைனல்ல அப்படி விதி இல்லைன்னு ரெஃப்ரி சொன்னார். அவங்க கோச்சே அந்தக்கா மேல கத்தினார். அதுக்கு அவங்க, 'அவளுக்கு டூட்டி. அடுத்த வருஷம் எனக்கு இருக்கும்'னு சொல்லிட்டாங்க."

"யாரை வெளிய அனுப்புனாளுக?"

"அவங்களே போய் உக்காந்துட்டாங்கக்கா."

ஜின்சி அக்கா சாயா கிளாஸைக் கீழே வைத்தார். "லூசுப் பிள்ளை" என்றார். ரோட்டைப் பார்த்தார். "ம். பொறவு?"

நான் வரிசையாகச் சொன்னேன். ஆரம்பித்த உடனே துபாய் ஒரு கோல் போட்டதைச் சொன்னேன். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் ஆளை விட்டது என்று கேட்டார். உப்பு டப்பாவையும் சர்க்கரைப் பொட்டலங்களையும் வைத்து மேசையிலேயே காட்டினேன். கடைக்காரச் சேட்டன் துடைப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றார். துபாய் பதினொன்று, பஹ்ரைன் எட்டு. பாதி நேரத்துக்குப் பிறகு நீவ் ஓடிக்கொண்டே ஒரு புள்ளி அடித்தாள், ஒன்பது. அடுத்து இடது காலால் ஒன்று, பத்து.

"எடது காலாலயா? அவளா?" கண்ணெல்லாம் சிரிப்பு. "ரெண்டு வருசமாச் சொல்லுதேன், எடது காலை வீட்டுல வச்சுட்டு வராதட்டீன்னு."

"அப்புறம் கடைசி நிமிஷம். நமக்கு ஒரு ஃப்ரீ கிக். நீங்க அடிச்ச இடத்துக்குக் கொஞ்சம் வலது பக்கம். நீவ் அக்காதான் அடிக்க வந்தாங்க. கடைசி உதைன்னு ரெஃப்ரி சொல்லிட்டார்."

"ஒரு புள்ளி பின்னால."

"ஆமாக்கா."

"மேல அடிச்சா மறுபடி சமம்."

"ஆமா."

"கீழ அடிச்சாளா?"

"அடிச்சாங்க. நல்ல அடிக்கா. சுவருக்கு நடுவுல போயிருச்சு. கோல்கீப்பர் வேற பக்கம் விழுந்துட்டாங்க." நான் மூச்சு வாங்கிக்கொண்டேன். "விழும்போது அவங்க கால் பின்னாடி நீண்டிருந்துச்சு. குதிகால்ல பட்டு வெளிய போயிருச்சு."

சேட்டன் "அய்யோ" என்றார். ஜின்சி அக்கா சர்க்கரைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். ஒரு பொட்டலத்தை மட்டும் கையிலேயே வைத்திருந்தார். முகத்தை யூனிஃபார்ம் தோளில் துடைத்துக்கொண்டார்.

"மூணு வருசம்லே" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவரே கேட்டார். "நல்லா ஆடுனாளுகளா?"

"நீங்க இருந்தப்ப ஆடினதை விட நல்லா ஆடினாங்கக்கா." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஒண்ணும் மறைக்காதன்னா, இப்பிடியாலே சொல்லுவ?"

அதன் பிறகுதான் முந்தின மாலையிலிருந்து எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "நீங்க ஏன்க்கா கீழ அடிக்கல? அடிச்சிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும்ல."

"அதான். முடிஞ்சிருக்கும். கோல் ஆனாலும் முடிஞ்சிருக்கும், ஆகலேன்னாலும் முடிஞ்சிருக்கும். ஒம்பது பேரு நிக்காளுக, பத்துல ரெண்டு உள்ள போகும். நான் டாக்சி பிடிக்கணும்னு அவளுக ஆட்டத்தை நான் ஏன் முடிக்கணும்? மேல அடிச்சா அவளுகளுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்குல்லா." எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "நீவ் எடத்துல நின்னிருந்தா நானும் கீழதான் அடிச்சிருப்பேன். அவளுக்கு அதுக்கு மேல இன்னொரு பத்து நிமிசம் மிச்சம் இல்ல. நான் இதை அவகிட்டச் சொல்லணும். இப்பம் அழுதுட்டு இருப்பா."

லாக்கரிலிருந்து எடுத்து வந்த போனை அங்கேயே ஆன் செய்தார். அது நிற்காமல் அதிர்ந்தது. எதையும் படிக்காமல் நீவுக்கு அழைத்தார். ரோட்டைக் கடக்கும்போது அவர் பேசியது கேட்டது. பாதி ஆங்கிலம், பாதி கொளச்சல். எடது கால், எடது கால் என்று இரண்டு தடவை காதில் விழுந்தது.

அக்கா இப்போது அயர்லாந்தில் இருக்கிறார். பக்கத்து ஊர்க் கிளப்பில் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், மூன்றாம் அணிக்கு. முதல் கேள்வியே எந்தக் கிளப்பிலிருந்து வருகிறாய் என்பதுதானாம். பஹ்ரைன் என்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்.

நான்கு சுற்றுக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவில் பெரும்பகுதி மஸ்கட் பஸ்ஸும் பஹ்ரைன் விமானமும்தான். முன்கூட்டியே போட்டால் குறையும். குளிர்காலத்தில் விடிகாலை விமானத்தை நம்பி அன்றே மேட்ச் பார்க்கத் திட்டமிடாதீர்கள், முதல் நாளே போய்விடுங்கள். பஹ்ரைனுக்கும் ஓமானுக்கும் விசா விதி அவ்வப்போது மாறும், நீங்களே பாருங்கள். மைதானங்களில் டிக்கெட் கிடையாது, யாரும் உங்களை யார் என்று விரட்ட மாட்டார்கள். ஜெர்சி இல்லாமல் போனால் மதியத்துக்குள் ஏதாவது ஒரு கிளப் உங்களைப் பிடித்துக் கொடி தூக்க விட்டுவிடும், போங்கள். வெயிலுக்குத் தொப்பி, மாலைக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட். கூடுதல் நேரம் வந்தால் அறைக்குத் திரும்ப டாக்சி எப்படி என்பதை முதலிலேயே யோசித்து வையுங்கள்.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் ஆடுகிற யாராவது பாதியில் டூட்டிக்கு ஓட வேண்டியிருந்தால், போனை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். காலையில் அவர்களுக்குச் சொல்ல வேறு ஆள் இருக்காது.